கால் அங்குலம்

மாதத்தின் இரண்டாம் செவ்வாய்,
பிளஃப் துறைமுகத்து ரக்பி கிளப்பின் பின்னறை.
கூரைத் தகரத்தைப் பிறாண்டுகிறது காற்று.
தெற்கிலிருந்து வந்தாலும் இது தென்றல் இல்லை.
ஹீட்டரின் பக்கத்து நாற்காலிக்குப் போட்டி முடிந்ததும்
நொயலீன் ஆளுக்கொரு தாள் தருகிறாள்.
பென்சிலில் போட்ட வெறும் கட்டங்கள்:
இடப்பக்கம் மூன்று சதுரம்,
குறுக்கே ஒரு பட்டை,
வலது கீழ்மூலையில் ஒரு வட்டம்.
"சதுரத்தில் படம், பட்டையில் தலைப்பு,
வட்டத்தில் உங்கள் இஷ்டம்."

ஒரே நகல்தான்.
மராமா அதைப் பக்கவாட்டில் திருப்பிச்
சதுரங்களை உச்சிக்கு ஏற்றிவிட்டாள்.
கீழே கிடந்த பட்டை கடலாகிவிட்டது,
அதில் அவள் மகனின் காகிதக் கயாக்.
தெல்மாவுக்கு வட்டமென்றாலே ஆகாது;
சிப்பிச் சாக்கில் கட்டியிருந்த சீட்டை
உப்புக்கறையோடு அங்கே ஒட்டினாள்.
கெய்லீன் மட்டும் ஸ்கேல் வைத்து
சொன்னது சொன்னபடி.
முதலில் முடிப்பவளும் அவள்தான்,
முடித்ததும் மற்றவர் பக்கங்களை
எட்டி எட்டிப் பார்ப்பவளும்.

என்னிடம் இருப்பது ஒரே படம்.
நீலப் படகு, பெயர் டாட்டரல்.
ரப்பர் பூட்ஸில் இரண்டு பெண்கள், நானும் ரேவினும்.
அறைச் சன்னலில் அப்பாவின் முழங்கை.

"ஒன்றுதானா? அதையே மூன்றாக வெட்டி
இடைவெளி விட்டு ஒட்டு, அழகாக இருக்கும்,"
என்றாள் நொயலீன்.
அளந்து பார்த்தேன்.
முதல் வெட்டு பாய்மரத்தில் விழுகிறது.
இரண்டாவது
எனக்கும் ரேவினுக்கும் நடுவில்.

அவளும் நானும் பேசி நான்கு வருடம்.
அப்பா போனதும் படகை விற்றவள் நான்.
அவளைக் கேட்கவில்லை.
டிமாருவிலிருந்து போனில் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக
அவள் சொன்னதை
எந்தப் பக்கத்திலும் ஒட்ட முடியாது.

கத்தரியைக் கீழே வைத்தேன்.
பக்கம் வேண்டாம், வாழ்த்து அட்டை போதும்.

பன்னிரண்டு அங்குலத்தில் போட்ட கட்டம்
ஐந்தில் அடங்க வேண்டுமென்றால்
எதையாவது இறக்கி வைக்க வேண்டும்.
முதலில் தலைப்பை எடுத்தேன்.
"என் அன்புச் சகோதரிக்கு" என்று
பொன்னெழுத்து ஸ்டிக்கர் வாங்கியிருந்தேன்;
அதை மராமா கேட்டாள், கொடுத்துவிட்டேன்.
மூன்று சதுரம் ஒன்றாயிற்று.
பட்டை ஒரு நூலாக இளைத்தது.
வட்டத்தில் ஒரு பித்தளை வாஷர்.
சாவியைக் கைமாற்றிய அன்று
படகின் கைப்பிடியிலிருந்து கழற்றி
என் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டது.
வாங்கியவனுக்கு இன்றுவரை தெரியாது.

உள்ளே எழுத ஒரு பக்கக் கடிதம் வைத்திருந்தேன்.
கடன், மழைக்கால வாடகை, அழுகிய அடிப்பலகை,
எல்லாவற்றுக்கும் கணக்கு.
அட்டையில் நான்கு வரிக்குத்தான் இடம்.
"ஆனால்" என்று தொடங்கியதெல்லாம்
வெளியே நின்றுவிட்டது.
"உன்னைக் கேட்டிருக்க வேண்டும்" மட்டும் உள்ளே போனது,
போன பிறகும் ஒன்றரை வரி மிச்சம்.
அதை நிரப்பவில்லை.

தபால் கவுண்டரில் உறையை அமுக்கிப் பார்த்தான் பையன்.
"தடிமனாக இருக்கிறது, பார்சல் கட்டணம்.
உள்ளே என்ன?"
"கொஞ்சம் படகு," என்றேன்.
சிரிக்காமல் ரசீது கிழித்தான். 

அதற்கு முன், அன்றிரவே,
கெய்லீன் எட்டிப் பார்த்துவிட்டாள்.
"மேல் ஓரத்தில் கால் அங்குலம்
பசை விட்டுப்போயிருக்கிறது, படம் தூக்குகிறது,"
என்று தன் பசைக்குச்சியை நீட்டினாள்.

தெரியும் என்றேன்.
அங்கே விரல் நுழைத்தால் படம் உரிந்து வரும்.
பின்புறம் அப்பாவின் கையெழுத்தில்
எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது,
அவள் பெயர் முதலில்.